கோச்சிங் யாருக்கு?

பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரான்சில் எக்கோல் பொலிதெக்னிக் போன்ற உயர் கல்லூரியில் சேர, பெரும்பாலான பிள்ளைகள் பள்ளி முடித்தபின் இரண்டு வருடம் தயாரிப்பு வகுப்பில் படித்து, 'கொங்கூர்' என்னும் போட்டித் தேர்வு எழுதுவார்கள். அந்த வகுப்புகள் பலவும் அரசு லிசேக்களிலேயே நடக்கின்றன. வாத்தியாருக்குச் சம்பளம் அரசாங்கம். அங்கும் வசதியான வீட்டுப் பிள்ளைகளே அதிகம், மறுக்கவில்லை.

இங்கே? கோரிமேட்டு ஜிப்மரில் எம்.பி.பி.எஸ். சேர 2020 முதல் நீட்தான் வழி. பிளஸ் டூவில் எத்தனை வாங்கினாலும் தரவரிசைக்கு உதவாது. "பள்ளியில் ஒழுங்காகப் படித்தால் போதாதா?" என்று பேத்தியிடம் கேட்டேன். "கோச்சிங் இல்லாம முடியாது தாத்தா" என்றாள். அவளுக்கு நாங்கள் கட்டிவிட்டோம். அவளோடு படிக்கும் ஆட்டோக்காரர் மகளுக்கு யார் கட்டுவது?

பெயருக்குச் சில மாதம் அல்ல, பிளஸ் ஒன்னிலிருந்தே அரசுப் பள்ளியில் இலவசமாகப் பழக்குங்கள். இல்லையென்றால் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் கணக்கில் சேருங்கள்.