நல்லா இருந்தா ஏன் நாப்பது?

எங்கள் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பியின் மகளுக்கு ஐந்து வயது முடியப்போகிறது. போன வாரம் பக்கங்களை முடித்துக் கொடுத்துவிட்டு, டீ கிளாஸோடு வந்து நின்றார். "சார், எங்க தெருமுனையில ஒரு கார்ப்பரேஷன் ஆரம்பப் பள்ளி இருக்கு. பாப்பாவை அங்க சேர்க்கலாமான்னு நானும் வீட்டுலயும் பேசிக்கிட்டோம். மாமியார் ஒரே கேள்வியில எங்க வாயை அடைச்சுட்டாங்க."

கேள்வி இதுதான்: "மொத்தமே நாப்பது பிள்ளைங்களாம். நல்லா இருந்தா ஏன் நாப்பது?"

நியாயமான சந்தேகம். கூட்டம் இல்லாத ஓட்டலில் நாமும்தான் ஏறுவதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தைக் கூட்டத்தால் எடை போட்டால் தராசு வேறு எதையோ காட்டும். சென்னையின் நடுப்பகுதியில் பல மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் கூவம் கரையிலும் கால்வாய் ஓரங்களிலும் இருந்தன. அவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடிவைத்தோம். குடிசை போனது, பள்ளி மட்டும் அங்கேயே நின்றது. மிஞ்சியவர்களின் வாசலுக்குத் தனியார் பள்ளி வேன் வந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் அரசே கட்டணம் கொடுத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்பவும் வழி திறந்தது. போதாததற்கு, நம் வீடுகளில் இப்போது பிறப்பதே ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நாற்பது என்ற எண் பெரும்பாலும் அந்தத் தெருவின் கதை. வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது.

பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லையே என்ற கவலை பழையதும்கூட. 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தபோது, தலைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். பசியோடு வரமுடியாத பிள்ளையை வரவைப்பதுதான் நோக்கம். 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்குப் பின்னாலும் அதே எண்ணம் உண்டு.

ஆனாலும் மாமியாரின் நாற்பதை அப்படியே தள்ளிவிட முடியாது. தரத்தைச் சொல்லாத அந்த எண் ஆசிரியர் எண்ணிக்கையை நிர்ணயிக்கிறது. சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். 61ஆவது பிள்ளை வந்தால்தான் மூன்றாமவர். நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு பேர் என்றால் ஆளுக்கு இருபது. எந்த மெட்ரிக் பள்ளியும் தராத சொகுசு! ஆனால் அந்த இருபது பேரும் ஒரே வகுப்பு இல்லை. ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' போடச் சொல்லிக்கொடுக்கும்போது மூன்றாம் வகுப்பு என்ன செய்துகொண்டிருக்கும்? சிறிய பள்ளியின் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

பல வகுப்புகள் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே முகம் சுளிக்க வேண்டாம். 2003இல் எம்.பி.விஜயகுமார் ஆணையராக இருந்தபோது சென்னை மாநகராட்சி 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலி கல்வி மையம், சிற்றூர்களின் சின்னச் சின்னப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறை அது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, அவரவர் வேகத்தில் படிப்பார்கள். அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை. சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதற்கும் போனது. அட்டைகள் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்ட பள்ளிகளும் உண்டு என்பதை ஆசிரியர்களே சொல்வார்கள். 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை வகுப்பைப் பார்த்துப் பிரிப்பதில்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். ஆகவே சேர்ந்து உட்காருவது குறையல்ல. சேர்ந்து உட்கார வைத்துவிட்டு "சத்தம் போடாம எழுதிக்கிட்டு இருங்க" என்று விட்டுவிடுவதுதான் குறை.

அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, போய்ப் பார்ப்பது. சேர்க்கை ஊர்வலம் நடக்கும் நாளில், மாலையும் இனிப்பும் கொடுக்கும் நாளில் போகக் கூடாது. சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்குப் போக வேண்டும். இந்தச் சில ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளில் மார்ச்சிலேயே சேர்க்கை தொடங்கிவிடுகிறது, வகுப்புகளும் நடந்துகொண்டிருக்கின்றன. மே மாதம் போனால் பார்க்கக் கிடைப்பது பூட்டுதான். தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் அறையில் அரை மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். அதற்கு அவர் முகம் எப்படிப் போகிறது என்பதே பாதி பதில்.

ஏன் மூன்றாம் வகுப்பு? எழுத்துக்கூட்டிப் படிப்பதிலிருந்து பொருள் புரிந்து படிப்பதற்கு ஒரு பிள்ளை தாண்டும் இடம் அது. நோட்டை வாங்கிப் பாருங்கள். எல்லா நோட்டிலும் ஒரே விடை, ஒரே அழகு, ஓரத்தில் ஒரு சிவப்புக் கையெழுத்து என்றால் நான் கவலைப்படுவேன். அது பலகையைப் பார்த்து எழுதியது. 'எங்க விட்டு நாய் குட்டி போட்டது' என்று ஒரு பிள்ளை 'வீ'யின் சுழியை விட்டுவிட்டுச் சொந்தமாக எழுதியிருந்தால், அதை ஆசிரியர் வட்டமிட்டுத் திருத்தியும் இருந்தால், அந்த அறையில் பாடம் நடக்கிறது என்று அர்த்தம். பெற்றோர்களாகிய நாம் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் மார்க் போடுகிறோம்.

இன்னொரு கேள்வியையும் கூசாமல் கேளுங்கள்: "ஒரு டீச்சர் லீவு போட்டா என்ன செய்வீங்க?" மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் ஆசிரியரை அழைக்கச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. பெரிய பள்ளியில் இருபது பேரில் ஒருவர் போனால் தெரியாது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் போனால் பாதிப் பள்ளி போகிறது. பயிற்சி வகுப்புக்குக் கிளம்பும்போதும் அதே கதைதான். சிறிய பள்ளிகளை நடத்தும் அரசு இதற்கு மாற்று ஆசிரியர் ஏற்பாட்டைச் செய்யாமல், 'நம் பள்ளி நம் பெருமை' என்று சுவரில் எழுதி என்ன பயன்?

கழிப்பறையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கதவைத் திறந்து பாருங்கள், மூக்கு சொல்லும்.

இதையெல்லாம் ஒரு தகப்பன் அலைந்து கண்டுபிடிக்க வேண்டியிருப்பதுதான் எங்கள் வருத்தம். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் இருக்கிறது. அதைத் தட்டினால் எத்தனை அறை, எத்தனை கழிப்பறை, எத்தனை ஆசிரியர் என்று வந்துவிடும். பிள்ளை வாசிக்கிறதா என்று வராது. பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிப்பதாகப் பரபரப்பாகப் பேசப்படும் ஏசர் ஆய்வோ கிராமப்புறத்துக்கு மட்டும். நகரத்துப் பெற்றோருக்குக் கிடைப்பது பக்கத்து வீட்டு அபிப்பிராயம்தான். 2011இல் ஈரோடு ஆட்சியர் தன் மகளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்ததை இன்னமும் ஆச்சரியமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆச்சரியம் தீரவில்லை என்பது அவருக்குப் பெருமை, நமக்கு அல்ல. அரசின் சலுகைகளையும் பாருங்கள்: மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு, புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் எல்லாமே ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளியில் படித்தோம் என்பதை வைத்துத்தான் கணக்கு. அஸ்திவாரம் போடும் ஐந்து வருடத்துக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. தெருமுனைப் பள்ளி ஏன் காலியாகாது?

தம்பி செவ்வாய்க்கிழமை பெர்மிஷன் போட்டுவிட்டுப் போய் வந்தார். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வாசிக்கும்போது 'வழக்கம்' என்ற சொல்லில் தடுக்கி நின்றானாம். ஆசிரியை வாய் திறக்கவில்லையாம். பக்கத்தில் இருந்த ஒன்றாம் வகுப்புத் தங்கச்சி எட்டிப் பார்க்க, அவளுக்கு முன்னால் தோற்கக் கூடாது என்று அவனே கூட்டிக் கூட்டிச் சொல்லிவிட்டானாம். இதைச் சொல்லும்போது தம்பியின் முகத்தில் சிரிப்பு.

பிறகு சிரிப்பு குறைந்தது. பெண் பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் இல்லை. மோட்டார் பழுதாகி மூன்று வாரம். தலைமை ஆசிரியை மறைக்கவில்லை. எழுதிப்போட்ட கடிதங்களின் நகலையே எடுத்துக் காட்டியிருக்கிறார்.

"பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தாங்க இருக்கணும்னு சட்டம். கூட்டத்துக்கு வர்றது நாலு பேரு. பாப்பாவைச் சேர்த்தீங்கன்னா நீங்களும் வந்து கேளுங்க சார், நான் கேட்டா லெட்டரா போகுது" என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்னேன். மாமியார் அடுத்த செவ்வாய்க்கிழமை தானும் வந்து பார்க்கறேங்கறாங்க."