கோபுரம் பேசினால் போதுமா?

யாழ்ப்பாணத்து வானொலிக் கோபுரத்துக்கும் நமது லயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். ஆபத்து வேளையில் பொலிஸ், அம்புலன்ஸ், அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஆகியன பேசிக்கொள்ளும் இருவழி வானொலி எதுவரை எட்ட வேண்டும் என்று திட்டம் போடும்போது விடுபடுவது யார்? அதை அறிய யாழ்ப்பாணத்தைப் பார்ப்பதே நல்லது. அங்கே மலை மறைக்கிறது என்ற சாக்குச் சொல்ல முடியாது.

குடாநாடு தட்டையான சுண்ணாம்புக்கல் பூமி. 60 மீற்றர் உயரக் கோபுரத்திலிருந்து வரும் அலை, பூமியின் வளைவு மறைக்கும்வரை ஏறத்தாழ 32 கிலோமீற்றர் போகும். கையில் கருவி வைத்து நிற்பவருக்காக இன்னும் ஐந்து கிலோமீற்றரைச் சேர்த்துக்கொள்ளலாம். யாழ் நகரில் அப்படியொரு கோபுரத்தை நிறுத்தினால் சாவகச்சேரி, பருத்தித்துறை எல்லாம் வட்டத்துக்குள் வந்துவிடும். நெடுந்தீவு வராது. அது சுமார் 40 கிலோமீற்றர் தள்ளிக் கடலுக்குள் கிடக்கிறது. குறிகட்டுவானிலிருந்து படகில்தான் போக வேண்டும். கடுமையான நோயாளியையும் கடல் வழியாகத்தான் யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டும். வானொலி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

இன்னொரு விடயமும் உண்டு. கோபுரத்துக் கருவி பல பத்து வாற்று வலுவில் பேசும். கைக்கருவிக்கு ஐந்து வாற்று வலு வந்தாலே பெரிது. ஆகவே எல்லையில் நிற்பவருக்குக் கோபுரம் சொல்வது கேட்கும், அவர் சொல்லும் பதில் கோபுரத்துக்குப் போய்ச் சேராது. வரைபடத்தில் பச்சை நிறம் பூசுகிறவர்கள் எந்தத் திசையை அளந்தார்கள் என்று நாம் கேட்க வேண்டியது இதனால்தான். (தொழிற்சங்கத்தாருக்கு இது பழகிய சங்கதி. மேலேயிருந்து வரும் கட்டளை எப்போதும் தெளிவாகவே கேட்கும்.)

இனி நமது மலைக்கு வருவோம். பீதுருதாலகால உச்சி 2,524 மீற்றர். அங்கே கோபுரம் இருக்கிறது, வெகுதூரம் எட்டுகிறது. ஆனால் ஒரு முகட்டுக்குப் பின்னால், ஆற்றோரப் பள்ளத்தில் இருக்கும் கீழ்க்கணக்கு லயம் அலையின் நிழலில் கிடக்கிறது. தட்டை நிலத்தில் ஒரு கோபுரம் செய்யும் வேலைக்கு, இங்கே பள்ளத்தாக்குக்கு ஒரு மீள்பரப்பி நிலையம் வேண்டும். செலவு கூடத்தான் செய்யும். அதற்காகக் கணக்கிலிருந்து நம்மை நீக்கிவிட முடியாது.

1990 சுவசெரிய சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமானது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் வைத்துத்தான் அதை மற்ற மாகாணங்களுக்கும் விரிவாக்கும் கட்டம் தொடங்கியது. அதனால் பிழைத்த உயிர்கள் பல, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1990ஐ அழைப்பதற்கே முதலில் சிக்னல் வேண்டுமே! 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தின் பல இடங்களில் மின்சாரம், வீதி, தொலைபேசி மூன்றும் ஒன்றாக அறுந்தன. மின்சாரம் போனால் கோபுரத்தின் பெற்றரி சில மணி நேரந்தான் தாங்கும். வீதி உடைந்த இடத்தில் ஜெனரேற்றருக்கு எண்ணெய் கொண்டுபோவது யார்? 2004 சுனாமியின்போது அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி சொன்னவர்கள், பெற்றரியும் கம்பியும் வைத்து வேலை செய்த அமெச்சூர் வானொலிக்காரர்கள்தான். பழைய சாமான் என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

எனவே திட்டம் போடும் அதிகாரிகள் கொழும்பில் கணினி வரைந்த படத்தோடு நிற்காமல், ஒரு கைக்கருவியை எடுத்துக்கொண்டு அடைமழை மாதத்தில் கடைசி லயத்துக்கு இறங்கி வரட்டும். அங்கே நின்று பேசிப் பார்க்கட்டும், பதில் போகிறதா என்றும் பார்க்கட்டும். கோபுரங்களுக்கு நாட்கணக்கில் தாங்கும் பெற்றரி வேண்டும். நெடுந்தீவுக்கும் இதையேதான் கேட்கிறோம்.

தோட்டத்துக்கு ஒரு கருவி தருவதாக நாளை முன்வரலாம். அப்போது அது எங்கே இருக்கும் என்பதில் நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. தோட்ட அலுவலகத்தில் வைத்துப் பூட்டினால், ஞாயிறு இரவு மண் சரியும்போது சாவிக்கு யாரைத் தேடுவது? ஒவ்வொரு டிவிசனிலும் பயிற்சி பெற்ற இரண்டு தொழிலாளர் கையில், லயத்திலேயே அது இருக்க வேண்டும். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். டிவிசன் தலைவர்கள், தொலைபேசி சிக்னல் எட்டாத லயங்களின் பட்டியலை அடுத்த கூட்டத்துக்கு முன் மாவட்டக் கிளையில் சேர்ப்பிக்கவும்.