தவிலின் பாரமும் தோளும்

திருமலை பிரம்மோற்சவ வீதியுலாவில் நாதஸ்வரத்துடன் தவிலும் முழங்கி வருவதைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தார் நன்கு அறிவர். தெலுங்கில் அதனை டோலு என்பர். ஒரு முகத்தைக் கோலாலும், மறு முகத்தைக் கூடணிந்த விரல்களாலும் முழக்கும் வித்துவான், பலாமரக் குடத்தின் பாரத்தை ஒரு தோளில் மாட்டிய வாரிலேயே சுமந்து நடக்கிறார்.

முன்னாளில் முகங்களைத் தோல்வாரால் இறுக்கினர். இப்போது பெரும்பாலும் இரும்பு வளையமும் திருகாணியும் வந்துவிட்டன. சுருதி கூட்டுவது எளிதாயிற்று, பாரமும் ஏறிற்று. சுமக்கும் முறை மட்டும் மாறவில்லை.

மரபில் உள்ளவை யாவும் வெறும் அலங்காரம் என்று சொல்வதற்கில்லை. மிருதங்கத்தின் கரணையையே எடுத்துக்கொள்வோம். அந்தக் கரிய பூச்சினால்தான் தோலின் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசைந்து ஒலிக்கின்றன. இத்தகைய முழவுகளைப் பற்றி சி. வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். கரணையை நீக்கினால் நாதமே கெடும். தவிலின் தோள்வார் அத்தகையதன்று. பாரத்தை இரு தோள்களுக்கும் இடுப்புக்கும் பகிர்ந்தளித்தால் தோலின் அதிர்வில் ஒரு குறையும் நேராது.

பார்வைக்கு அழகாயிராது என்பர் சிலர். ஜரிகை அங்கவஸ்திரம் எதற்கு இருக்கிறது? பட்டையை மறைக்க அது போதும். கோலும் விரலும் வீசும் இடத்தைப் பட்டை தடுக்கலாகாது என்பதே மெய்யான சிக்கல். அதை வித்துவான்களே அணிந்து பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பயிலும் சிறுவர்களை நின்று வாசிக்கச் செய்ய வேண்டியதில்லை. குடத்தைத் தரையில் தாங்கவிட்டு, அமர்ந்து பயிலட்டும்.