ஒலி ஒன்றானால் உறவாகிவிடுமா?

ஜெர்மன் மொழியில் 'ஹாபென்' என்றால் 'உடைத்தாயிருத்தல்'. லத்தீனில் 'ஹபேரே' என்றாலும் அதே பொருள்தான். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றுதானே சொல்வீர்கள்? இயற்பியல் கற்பிக்கும் நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மையில் அவற்றுக்குள் உறவே கிடையாது!

எப்படித் தெரியும் என்கிறீர்களா? லத்தீன் 'கோர்னு' (கொம்பு) ஆங்கிலத்தில் 'ஹார்ன்'. 'கெண்டும்' (நூறு) 'ஹண்ட்ரட்'. 'கோர்' (இதயம்) 'ஹார்ட்'. லத்தீனில் சொல்முதலில் ககரம் நிற்குமிடத்தில், ஆங்கிலம், ஜெர்மன் முதலிய மொழிகளில் ஹகரம் நிற்கிறது. பின்னாளில் கடன் வாங்கிய சொற்கள் இக்கணக்கில் சேரா. டென்மார்க்கின் ராஸ்க் 1818-இல் வெளியிட்ட இத்தகைய ஒப்புமைகளை, 1822-இல் ஜேக்கப் கிரிம் விதியாக விரித்துரைத்தார். ஆம், சிறுவர் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான்!

இவ்விதிப்படி ஹாபெனின் உறவு, 'பிடித்தல்' எனப் பொருள்படும் லத்தீன் 'காப்பெரே'. ஹபேரே வெறும் வழிப்போக்கன்.

ஊசலின் ஒரே ஓர் அலைவை அளந்து விதி எழுதினால் ஆய்வுக்கூடத்தில் உங்கள் ஆசிரியர் விடுவாரா? சொல்லாராய்ச்சியில் மட்டும், காதுக்கு ஒத்து ஒலிக்கும் ஒரு சோடிச் சொற்களைக் காட்டி மொழியுறவை நிலைநாட்டப் பலர் துணிகிறார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். எத்தனை சொற்களில் அதே மாற்றம் ஒழுங்காக வருகிறது என்று கேளுங்கள்.

அப்படிக் கேட்டவர்களுக்கு அகப்பட்ட இன்னொரு சோடி: லத்தீன் 'ஹோஸ்டிஸ்' (பகைவன்), ஆங்கில 'கெஸ்ட்' (விருந்தாளி). இவை உடன்பிறந்தவை. வேர்ச்சொல்லின் பொருள், 'அயலான்'.