பேனாவில் ஒரு சாந்தோம் கோடு

கிமோனோத் துணியின் டிசைனை மேலே ஏற்றிய அரக்குப் பேனாக்கள் ஜப்பானில் உண்டு. நம் அரக்கு பூச்சி தருவது. அவர்களுடைய 'உருஷி' மரப்பால். வெயிலில் வைத்தால் காயாது, ஈரப்பதமுள்ள பெட்டிக்குள்தான் இறுகும்! பூசி, தேய்த்து, மறுபடி பூசி ஒரு பேனா முடிய மாதக்கணக்காகும்.

அழகுக்காக மட்டும் ஆரம்பித்த வேலையல்ல இது. அடியில் இருப்பது எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டுப்பட்டு வெளுத்துவிடும். அதைத் தடுக்கத்தான் 1920-களில் நமிகி கம்பெனி (இன்றைய பைலட்) அரக்கு பூசியது. அதே எபோனைட்டைக் கடைந்து நம் திருவள்ளூரில் 'ரங்கா' பேனாக்கள் இன்றும் கையால் தயாராகின்றன.

டிசைன் சங்கதிதான் சுவாரஸ்யம். எடோ காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன கோடு போட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'சாந்தோமே-ஜிமா'. சாந்தோம் கோடு! மயிலாப்பூருக்குப் பக்கத்துச் சாந்தோமேதான். நெய்தவர் பெயர் போய்விட்டது, ஊர் பெயராவது தங்கியது.

கொங்கு நாட்டில் கோட்டுக்குப் பேர்போனது பவானி ஜமக்காளம். புவிசார் குறியீடு கிடைத்தும், விசைத்தறித் துணி அதே பெயரில், குறைந்த விலையில் விற்கிறது. குழித்தறியில் உட்கார இளவட்டங்கள் வருவதில்லை.