மலிவான ஊர் யாருக்கு?

அயல்நாட்டில் சொற்பச் செலவில் வாழ்வது எப்படி என்று விளக்கும் எழுத்து இன்று தனியொரு வகைமையாகவே வளர்ந்துவிட்டது. பிரேசிலின் உள்நாட்டுச் சிறுநகரம் ஒன்றில் குடியேறிய அமெரிக்கரோ ஜெர்மானியரோ எழுதுவார்: வாடகை இவ்வளவு, காய்கறி இவ்வளவு, வீட்டு வேலைக்கு வருபவருக்கு இவ்வளவு. வாசிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு வரி எப்போதும் விடுபட்டுப் போகிறது. அதே ஊரில் பிறந்து அங்கேயே சம்பாதிப்பவருக்கு அந்த ஊர் மலிவானதா?

2022 ஜனவரியில், வெளிநாட்டு நிறுவனத்துக்காகத் தன் நாட்டில் இருந்தபடியே வேலை செய்ய விரும்புவோருக்கென்று பிரேசில் ஒரு விசாவை அறிமுகம் செய்தது. மாதம் 1,500 டாலர் வருமானம், அல்லது வங்கியில் 18,000 டாலர் இருப்பு என்பது நிபந்தனை. அவ்வாண்டு பிரேசிலில் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,212 ரெயால். அன்றைய மாற்று விகிதத்தில் பார்த்தால், வந்து தங்குபவருக்கு விதித்த வருமானத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. மலிவு என்று நாம் சொல்வது இவ்விரண்டு தொகைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான்.

பிரேசில் எங்கோ இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இதை எழுதும் நான் வசிப்பது வேப்பம்பட்டில். சென்னை சென்ட்ரலிலிருந்து 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் கடந்துபோன தடம். நகரத்து வாடகையும் அட்வான்ஸும் கட்டுப்படியாகாதவர்கள் மனை விலையை விசாரித்துக்கொண்டே ஆவடி தாண்டி, பட்டாபிராம் தாண்டி இங்கே வந்து சேர்ந்தோம். கையில் பொருளில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் திருநின்றவூர் எங்களுக்குப் பக்கத்து நிலையம். நகரத்தில் மனத்துக்குள் மட்டுமே வீடு கட்ட முடிந்தவர்கள் இங்கே செங்கல்லால் கட்டினோம். சீசன் டிக்கெட் எடுத்து நகரத்தில் சம்பாதிக்கிறோம்; செலவழிப்பது இங்கே. ஆகச் சிறிய அளவிலேனும், அந்த அமெரிக்கரின் கணக்கைத்தான் நாமும் போடுகிறோம்.

அப்படி வந்ததில் தவறில்லை. வருகிறவர்களால் கடை வளர்கிறது, கொத்தனாருக்கு வேலை கிடைக்கிறது. கூடவே மனை விலையும் ஏறுகிறது. ஏரிப் பாசன நிலம் கல் நட்ட மனைகளாகிறது. உள்ளூர்க்காரரின் மகன் தன் ஊரிலேயே ஒரு மனை வாங்க முடியாமல் இன்னும் இரண்டு நிலையம் தள்ளிப் போகிறான். மலிவு தேடி வந்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து, தேடி வந்த மலிவைத் தீர்த்துவிடுகிறோம்.

இதே மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. தடம் வேறு, மாவட்டம் ஒன்றுதான். அங்கே சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் தொழிலாளிக்குக் கணக்கு தலைகீழ். அவர் சம்பாதிப்பது இங்கே. பணம் போய்ச் சேருவது ஊருக்கு. ஓர் அறையில் பலர் படுத்துறங்கி மிச்சப்படுத்துவதால்தான் அவருக்கு இந்த ஊர் கட்டுப்படியாகிறது. அயலாரில் ஒருவரை ‘எக்ஸ்பாட்’ என்றும் மற்றவரை ‘வடக்கன்’ என்றும் அழைக்கப் பழகிவிட்டோம். இரண்டு சொற்களுக்கும் நடுவே இருப்பது பணப்பையின் கனம் மட்டுமே.

மூன்றாவதாக ஓர் அயலாரும் அங்கே உண்டு. அவர் மலிவு தேடி வந்தவர் அல்லர். உயிர் தப்பி வந்தவர். 1983-க்குப் பிறகும், 1990-இல் போர் மீண்டும் மூண்டபோதும் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர் குடும்பங்கள் கும்மிடிப்பூண்டி முகாமில் வாழ்கின்றன. 2021-இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகையை 1,500 ரூபாயாக உயர்த்தியது. நல்ல காரியங்கள்தாம். ஆனால் அந்த எண்ணைப் பிரேசில் கேட்ட எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே 1,500 டாலர் உள்ளவருக்கு ஊர் திறந்திருக்கிறது. இங்கே 1,500 ரூபாய் பெறுபவருக்கு ஊரும் தன்னுடையதில்லை, திரும்பிப் போகும் வழியும் எளிதில்லை.

சட்டம் சொல்வது இது: 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். அதன் பிறகு பிறந்தவர்க்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 1990-இல் வந்த தம்பதிக்கு இங்கே பிறந்த குழந்தை, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, தமிழ்நாட்டுச் சுவர்களுக்கு வர்ணம் பூசி, தானும் பிள்ளை பெற்ற பின்னும் அயலார்தான். 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைப் பெயர் சொல்லிச் சேர்த்தது; இலங்கை அதில் இல்லை. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது, பயணப் பத்திரம் இல்லாததற்காகத் தண்டனை பாயாது என்று 2025-இல் மத்திய அரசு விலக்களித்தது. தண்டிக்கமாட்டோம் என்பது ஆறுதல், ஏற்றுக்கொண்டோம் என்பதாகாது.

குடியுரிமை தந்துவிட்டால் அவர்கள் ஈழத்துக்குத் திரும்பும் உரிமை போய்விடுமே என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். கவலை நியாயமானதே. திரும்ப விரும்புகிறவர் திரும்பட்டும். அதற்கான வழியை இரு அரசுகளும் எளிதாக்கட்டும். ஆனால் அந்தத் தேர்வு முகாமில் இருப்பவருடையது. அவர் சார்பில் வெளியே இருக்கும் நாம் ஏக்கப்பட்டுக்கொண்டிருப்பது, அவர் செலவில் நாம் வளர்க்கும் கனவு.

ஓர் ஊரில் வாழ என்ன செலவாகும் என்று கணக்கெழுதும்போது வாடகையும் அரிசியும் மட்டும் போதா. வந்து முப்பதாண்டு கழித்தும் அயலாராகவே இருக்க நேர்வதும் ஒரு செலவுதான். முகாம் குடும்பங்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகச் செலுத்தி வருகின்றன. மலிவு கருதி வந்த எனக்கு ஒரு சில ஆண்டுகளில் இந்த ஊரில் வாக்கும் முகவரியும் கிடைத்துவிட்டன. உயிர் கருதி வந்தவரின் பேரக்குழந்தைக்கும் அவை கிடைக்க வேண்டும். இங்கே பிறந்தவர்களிலிருந்தாவது அதைத் தொடங்கலாம்.