சாவி யார் பாக்கெட்டில்?

"சார், உங்க ஆபீஸ்ல ஒரு ரெய்டு போட்டுடலாமா?"

திருவல்லிக்கேணியில் ஓர் ஆடிட்டரிடம், அதுவும் மத்தியான நேரத்தில், இப்படிக் கேட்கக் கூடாது. மனுஷர் கையிலிருந்த பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். நான் பி.காம். வாரத்தில் மூன்று நாள் அவர் ஆபீஸில் கணக்கு எழுதிவிட்டு, மிச்ச நாளில் உங்களுக்கு எழுதுகிறவன். கேட்டவன் கம்ப்யூட்டர் சர்வீஸ் பையன். இருபத்துநாலு வயசு இருக்கும். அவனை அழைத்து வந்த பாவம் என்னுடையது.

"அந்த ரெய்டு இல்லை சார்... இது டிஸ்க்குல போடற ரெய்டு" என்று அவசரமாக நடுவில் புகுந்தேன்.

நடந்தது 2019-ல். ஆபீஸில் ஒரு சர்வர். சர்வர் என்றதும் ஏ.சி. ரூம், கண்ணாடிக் கதவு என்றெல்லாம் கற்பனை செய்யாதீர்கள். தண்ணீர்க் கேனுக்கும் பழைய ஃபைல் கட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் நாற்பது கட்சிக்காரர்களின் டாலி கணக்கு. அத்தனையும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில்! அந்த டிஸ்க் கொஞ்ச நாளாகக் கொட்டாவி விடுகிற மாதிரி சத்தம் போட ஆரம்பித்திருந்தது.

ரெய்டு என்ற பேரை வைத்தவர்கள் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள். டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்ஸன், ராண்டி காட்ஸ் என்று மூன்று பேர், 1988-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். விலை மலிவான டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி, அதில் ஒன்று போனாலும் வண்டி நிற்காமல் ஓட வழி சொன்னார்கள். அந்தப் பேரில் இருந்த 'மலிவான' என்ற வார்த்தை பிற்பாடு 'சுயேச்சையான' என்று மாறிவிட்டது. பின்னே? மலிவு என்று பேரிலேயே வைத்துக்கொண்டு விலையை எப்படி ஏற்றுவது!

அதில் ஒன்றாம் நம்பர் முறைதான் பையன் சொன்னது. ஒரே மாதிரி ரெண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவதை அப்படியே இன்னொன்றிலும் எழுதும். கண்ணாடி என்பார்கள்.

"ஒரு டெராபைட் டிஸ்க் ரெண்டு வாங்கறோம். நமக்கு எத்தனை டெராபைட் கிடைக்கும்?" என்றார் ஆடிட்டர்.

"ஒண்ணுதான் சார்."

"காசு ரெண்டுக்கு, சரக்கு ஒண்ணுக்கா? இது எந்த ஊர்க் கணக்கு?"

கார்பன் பேப்பர் வைத்து பில் போடுகிற கதையைச் சொல்லித்தான் ஒத்துக்கொள்ள வைத்தேன். இதைக் கேட்டதும் ஆர்ட்டிகிள் பையன் ஒருத்தன், "அப்ப இனிமே பேக்கப் வேணாம்ல சார்?" என்று சந்தோஷப்பட்டான். இது நிறைய ஆபீஸ்களில் இருக்கிற சந்தோஷம். நீங்கள் மீசையை எடுத்தால் கண்ணாடிக்குள் இருக்கிறவனும் எடுத்துவிடுவான். தப்பாக ஒரு ஃபைலை அழித்தால் ரெண்டு டிஸ்க்கும் ஒரே மூச்சில் அழித்துக் கொடுக்கும். டிஸ்க் செத்தால்தான் கண்ணாடி உதவும். ஆள் சொதப்பினால் பேக்கப்தான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே கடையில், ஒரே நாளில், ஜோடியாக வாங்கினோம். "வேற வேற கம்பெனியா வாங்கலாம்ண்ணே, ஒண்ணாப் பொறந்தது ஒண்ணாவே போய்டும்" என்றான் பையன். டிஸ்கவுன்ட் போய்விடுமே என்று நான் கேட்கவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், என் பேரில் முதல் குற்றம்.

ஒரு சனிக்கிழமை சாயந்திரம் லினக்ஸ் போட்டு, ரெண்டையும் இணைத்து, டேட்டாவை ஏற்றி முடித்தான். திரையில் ஒரு வரியைக் காட்டினான். அடைப்புக்குள் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு 'யூ'. ரெண்டு டிஸ்க்கும் எழுந்து நிற்கிறது என்று அர்த்தமாம். ஒன்று போனால் அந்த இடத்தில் வெறும் கோடு இருக்கும்.

மணி எட்டரை. வீட்டில் அடை அவியல்.

"அண்ணே, முதல் டிஸ்க்கோட கேபிளைக் கழட்டிட்டு, ரெண்டாவதை மட்டும் வெச்சு ஒரு தடவை ஆன் பண்ணிப் பாத்துடலாம். அரை மணிதான் ஆகும்."

"நல்லா ஓடற மெஷினை எதுக்குத் தம்பி கழட்டிக்கிட்டு? கிளம்பு கிளம்பு" என்றேன்.

இது ரெண்டாவது குற்றம். இதுதான் பெரிசு.

நாலு மாசம் ஓடியது. ஒரு 20-ம் தேதி காலை. ஆபீஸ் உத்தியோகஸ்தர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போன மாச ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு அதுதான் கடைசி நாள். தவறினால் ஒரு கட்சிக்காரருக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் லேட் ஃபீ, கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவிகித வட்டி. பதினாறு பேருடையது பாக்கி. முதல் நாள் ராத்திரி கரன்ட் போய், யு.பி.எஸ். பாட்டரியும் தீர்ந்து, சர்வர் அணைந்திருந்தது. ஆன் பண்ணினேன். கறுப்புத் திரை. பூட் பண்ண டிஸ்க்கே இல்லை என்கிற மாதிரி ஒற்றை வரி. திரும்ப ஆன் பண்ணினேன். பிள்ளையாரை வேண்டிக்கொண்டு ஒரு தடவை. வேண்டாமல் ஒரு தடவை. அதே வரி!

ஆடிட்டர் பையனுக்குப் போன் போட்டுப் பிடித்த பிடி இருக்கிறதே... "ரெண்டு டிஸ்க்குக்குக் காசு வாங்கினியே, ஒண்ணு போனா இன்னொண்ணு ஓடும்னியே, உன்னை நம்பினேன் பாரு! இனிமே இந்தப் படி ஏறாதே. ஏறி இதைச் சரி பண்ணிட்டு, அப்புறம் ஏறாதே!"

பையனுக்கு இந்த ஆபீஸ்தான் பெரிய வாடிக்கை. இதை வைத்துத்தான் பக்கத்தில் இன்னும் ரெண்டு ஆபீஸ் பிடித்திருந்தான். நான் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வவுச்சரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப மும்முரமாகப் படித்தேன்.

முக்கால் மணியில் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவோடு வந்தான். அதிலிருந்து மெஷினைக் கிளப்பி, உள்ளே போய்ப் பார்த்தான். முதல் டிஸ்க் காலி. ரெண்டாவது குத்துக்கல் மாதிரி இருக்கிறது. கணக்கில் ஒரு பைசா குறையவில்லை. பின்னே ஏன் கிளம்பவில்லை?

எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். அவன் கண்ணாடி பிடித்தது டிஸ்க்குக்குள் பிரித்து வைத்த பாகங்களுக்கு. டிஸ்க்கின் வாசற்படியில் 512 பைட்டுக்கு ஒரு சின்னத் திண்ணை உண்டு. மெஷினை எழுப்பிவிடுகிற பூட் லோடரின் தலைமாட்டுப் பகுதி அந்தத் திண்ணையில் 446 பைட்டுக்குள் சுருண்டு படுத்திருக்கும். திண்ணை கண்ணாடிக்கு வெளியே! லினக்ஸ் போடும்போது 'எந்த டிஸ்க்கில் வைக்கட்டும்?' என்று கேட்டிருக்கிறது. முதல் டிஸ்க் என்று சொல்லிவிட்டான். ஆக, ஆக்டிங் டிரைவரைச் சம்பளத்துக்கு வைத்தாயிற்று, லைசென்ஸ் இருக்கிறது, கார் இருக்கிறது. சாவி மட்டும் பழைய டிரைவரின் பாக்கெட்டில். அவரோ சிவலோகம் போய்விட்டார். (இப்போது வருகிற மெஷின்களில் திண்ணைக்குப் பதில் தனியாக ஒரு சின்ன அறை. அதையும் ரெண்டு டிஸ்க்கிலும் நாம்தான் பார்த்து வைக்க வேண்டும்.)

ரெண்டாவது டிஸ்க்கிலும் பூட் லோடரை வைக்க, ஒற்றைக் கட்டளை. பென் டிரைவை எடுத்துவிட்டு ஆன் பண்ணினான். டாலி திறந்தது. ஆர்ட்டிகிள் பசங்கள் கைதட்டினார்கள். ஆடிட்டர் தட்டவில்லை.

அதைவிடப் பெரிய கூத்து அப்புறம். முதல் டிஸ்க் அன்றைக்குச் சாகவில்லை. இருபத்தாறு நாளாயிற்று! ரெண்டாவதை வைத்தே சர்வர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அணைத்தால்தானே திரும்ப எழுப்ப வேண்டிய பேச்சு வரும்? பாவம், மெஷின் சும்மா இருக்கவில்லை. 'கண்ணாடி உடைஞ்சிருக்கு' என்று தினம் ஒரு மெயில் எழுதியிருக்கிறது. யாருக்கு? அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிற 'ரூட்' என்பவருக்கு. அவருக்கு வந்த தபாலைப் பிரிக்க இந்த பூமியில் ஆள் இல்லை.

ரிட்டர்ன் எல்லாம் ராத்திரி ஏழரைக்குள் போய்ச் சேர்ந்தது. பையன் முதல் காரியமாக மொத்த டேட்டாவையும் வெளி டிஸ்க் ஒன்றில் இறக்கினான். அப்புறம் புது டிஸ்க்கை மாட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்க விட்டான். செகண்டுக்கு 100 மெகாபைட் என்றால் ஒரு டெராபைட்டுக்கு ரெண்டே முக்கால் மணி நேரம். மிச்சமிருக்கிற ஒரே டிஸ்க்கை அடிமுதல் நுனிவரை படித்தாக வேண்டும். அதுவும் இறந்தவரோடு கூடப் பிறந்தது! திரையில் சதவிகிதம் ஏறுவதை ஆடிட்டரும் நானும் கடைசி ஓவர் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பையன் டீ வாங்கப் போயிருந்தான்.

நாற்பத்தொரு சதவிகிதத்தில் சொல்லிவிட்டேன்.

"சார், அன்னிக்கே அவன் கேபிளைக் கழட்டிப் பாக்கணும்னான். நான்தான் வேணாம்னு கிளப்பிட்டேன்."

ஆடிட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலைல ஏன் சொல்லலை?"

"பயமா இருந்தது சார்."

நாற்பத்திரண்டு வரைக்கும் அவர் பேசவில்லை. பையன் டீயோடு வந்ததும், "தம்பி, காலைல கொஞ்சம் ஜாஸ்தியாப் பேசிட்டேன்" என்றார். அவன் டம்ளர்களை வைத்துவிட்டு, "பரவால்ல சார். அந்த மெயிலை உங்களுக்கு வர்ற மாதிரி வைக்காதது என் தப்புதானே" என்றான். நான் டீயை ஊதிக்கொண்டே இருந்தேன். ஆறின டீ.

பத்தே முக்காலுக்கு ரெண்டு யூவும் வந்தது. புது டிஸ்க்கின் திண்ணையிலும் பூட் லோடரை வைத்தான். சர்வரை அணைத்து, முதல் டிஸ்க்கின் கேபிளை ஆடிட்டரையே உருவச் சொன்னான். எழுந்தது. அதை மாட்டிக் கண்ணாடியில் திரும்பச் சேர்த்து, மறுபடி ரெண்டு யூ வருகிற வரை காத்திருந்து, ரெண்டாவதை உருவினோம். அப்போதும் எழுந்தது. ஆடிட்டருக்கு இதில் ஒரு ருசி வந்துவிட்டது. இப்போது மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பேக்கப் எடுத்த கையோடு, அவரே உருவிப் பார்க்கிறார்.

மறுநாள் பில் வந்தது. கடைசி வரி: 'டெஸ்டிங், அரை மணி நேரம்.' ஆடிட்டர் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் என் மாசக் கணக்கில் பற்று எழுதச் சொன்னார். நான்தானே கணக்கு எழுதுகிறவன், எழுதினேன்.